12 டாலர் போனும் இரண்டு பிடிவாதக்காரர்களும்

வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கினால்கூட அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். எந்தப் பட்டன் எதற்கு, எந்த ஜாரில் எதை அரைக்கலாம், எதை அரைக்கக் கூடாது என்று எல்லாம் போட்டிருக்கும். நம்மில் பலர் அதைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை என்பது வேறு விஷயம். வேண்டுமென்றால் பார்க்கலாம்.

போனுக்குள் இருக்கும் சிப்புக்கும் அப்படி ஒரு புத்தகம் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்கள். சில சிப்களுக்கு ஆயிரத்தையும் தாண்டும். ஆனால், காசு கொடுத்து போன் வாங்கிய உங்களுக்கு அது கிடைக்காது. தெருமுனையில் போன் ரிப்பேர் பார்ப்பவருக்கும் கிடைக்காது. மொத்தமாக சிப் வாங்கும் கம்பெனிகளிடம், ‘வெளியே சொல்ல மாட்டோம்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள்.

ஏன் இந்த ரகசியம்? போட்டிக் கம்பெனி காப்பி அடித்துவிடுமோ என்ற பயம் ஒன்று. காப்புரிமை வழக்கு போட யாராவது காரணம் தேடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. நாலு சிப் வாங்கியவர் நாற்பது சந்தேகம் கேட்டால் யார் பதில் சொல்வது என்ற அலுப்பும் உண்டு.

சரி, அந்தப் புத்தகம் இல்லாமல், அல்லது பாதிப் பக்கங்கள் கிழிந்துபோன பிரதியை வைத்துக்கொண்டு ஒரு சிப்பைப் புரிந்துகொள்ள முடியுமா? அதற்கு ரிவர்ஸ் இன்ஜினீயரிங் என்று பெயர். செய்து முடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பது. அப்படிக் கண்டுபிடிக்கக் கிளம்பிய இரண்டு பேரின் கதை இது.

சந்தையில் கிடைத்த போன்

முதலாமவர் ஆண்ட்ரூ ஹுவாங். அமெரிக்காவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர். வசிப்பது சிங்கப்பூரில். ‘முயல்குட்டி’ என்று பொருள் வரும் ஆங்கிலப் பட்டப்பெயரில்தான் எலெக்ட்ரானிக்ஸ் உலகத்துக்கு அவரைத் தெரியும். 2002-ல் எம்.ஐ.டி-யில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதே, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்குள் இரண்டு சிப்கள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு, அதில் ஒளித்துவைத்திருந்த ரகசியச் சாவியை வெளியே எடுத்தவர். இரண்டாமவர் ஷான் கிராஸ். ஹுவாங்கோடு பல வருடங்களாகச் சேர்ந்து வேலை செய்யும் சாஃப்ட்வேர்காரர்.

2013. சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் ‘மிங்டாங்’ என்ற எலெக்ட்ரானிக்ஸ் வணிக வளாகம். அங்கே ஹுவாங் ஒரு பட்டன் போன் வாங்கினார். விலை 12 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 650 ரூபாய். பெட்டிக்குள் போன், சார்ஜர், கேபிள், மேலே போட ஒரு சிலிக்கான் உறை. எந்த நெட்வொர்க் சிம் போட்டாலும் வேலை செய்யும். ப்ளூடூத் உண்டு, பாட்டுக் கேட்கலாம்.

நாமாக இருந்தால், ‘சீப்பாகக் கிடைத்தது’ என்று பாக்கெட்டில் போட்டிருப்போம். அவர் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு ஸ்க்ரூகூட இல்லை. எல்லாம் ஒன்றோடு ஒன்று கவ்விக்கொண்டு நிற்கிறது. பாகங்களை இணைக்கும் கனெக்டர்கள்கூட அநேகமாகக் கிடையாது, நேரடியாக சால்டரிங். ஒவ்வொரு பைசாவையும் கணக்குப் பார்த்து மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்.

அவரை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. மாணவர்களும் பொழுதுபோக்குக்காகக் கருவிகள் செய்பவர்களும் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் போர்டு, ஆர்டுயினோ ஊனோ. அதன் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், ரேம் வெறும் 2 கிலோபைட். இந்த போனின் வேகம் 260 மெகாஹெர்ட்ஸ், ரேம் 8 மெகாபைட். அதாவது, நான்காயிரம் மடங்கு நினைவகம். ஸ்க்ரீன், பேட்டரி, கீபேட் எல்லாம் சேர்த்தும் விலை ஆர்டுயினோவில் பாதிகூட இல்லை.

இவ்வளவு மலிவாக, இவ்வளவு திறமையான சிப் இருக்கும்போது, ஷென்ஜென்னுக்கு வெளியே இருக்கும் ஒரு மாணவரோ, சின்னக் கண்டுபிடிப்பாளரோ ஏன் அதை வைத்து எதுவும் செய்ய முடியவில்லை? காரணம், புத்தகம் இல்லை.

பொதுவில் கிடைத்தாலும் பொது அல்ல

ஷென்ஜென்னில் மட்டும் எப்படி முடிகிறது? அங்கே ஒரு வினோதமான வழக்கம். ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திய சர்க்கியூட் படங்களும் சிப் விவரங்களும் இன்ஜினீயர்களுக்கு இடையில் கைமாறிக்கொண்டே இருக்கும். சீன மொழியில் ‘கோங்காய்’ என்றால் பொதுவில் இருப்பது என்று அர்த்தம். முறைப்படி அனுமதி கொடுத்து வெளியிடுவதற்கு வேறு சொல் உண்டு. இந்தக் காகிதங்கள் முறைப்படி வெளியானவை அல்ல. ஆனால், யாரும் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. விவரம் பரவினால் அந்த சிப் அதிகம் விற்கும். விற்பவருக்கும் லாபம், செய்பவருக்கும் லாபம்.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர் அந்தக் காகிதத்தை வைத்து ஒரு பொருள் செய்து விற்றால், வக்கீல் நோட்டீஸ் வரலாம். ஒரே சிப், ஒரே காகிதம். ஓர் ஊரில் பிழைப்புக்கு வழி, இன்னோர் ஊரில் வழக்குக்கு வழி.

இதற்கு நடுவில் பாலம் போட முடியுமா என்பதுதான் ஹுவாங்கும் கிராஸும் எடுத்துக்கொண்ட வேலை. தேர்ந்தெடுத்த சிப், தைவானைச் சேர்ந்த மீடியாடெக் நிறுவனத்தின் எம்.டி.6260. வேகம் 364 மெகாஹெர்ட்ஸ். ஒன்றே ஒன்று வாங்கினாலும் ஏறக்குறைய 3 டாலர்தான். தங்கள் திட்டத்துக்கு ‘ஃபெர்ன்வேல்’ என்று பெயர் வைத்தார்கள். சந்தையில் கிடைத்த அரைகுறைக் காகிதங்கள் கையில் இருந்தன. மீதியை சிப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் எழுதாத சுவிட்ச் போர்டு

ஒரு பெரிய கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடை, பந்தி நடக்கும் கூடம், சமையல்கட்டு, ஜெனரேட்டர் ரூம், மாடியில் தங்கும் அறைகள். எல்லா இடத்திலும் சுவிட்ச் போர்டுகள். ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. எது எதற்கு என்பது மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும். அவரோ ஊரில் இல்லை. நாளைக்கு முகூர்த்தம்.

போன் சிப்பும் அப்படித்தான். ஸ்க்ரீனுக்கு ஒரு பகுதி, ஸ்பீக்கருக்கு ஒரு பகுதி, ப்ளூடூத்துக்கு, சார்ஜ் ஏறுவதற்கு, மெமரிக்கு என்று தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்தும் சுவிட்ச் போர்டுகளுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். ஒவ்வொரு போர்டுக்கும் ஓர் எண்தான் விலாசம். இந்த வகை சிப்பில் சுமார் 429 கோடி விலாசங்கள் சாத்தியம். பெரும்பாலானவை வெறும் சுவர். எங்கோ சில இடங்களில் மட்டும் போர்டு இருக்கும். ஒவ்வொரு போர்டிலும் 32 சுவிட்ச் வரை இருக்கலாம்.

வரிசையும் முக்கியம். ஜெனரேட்டரை ஓடவிடாமல் எல்லா ஏ.சி-யையும் போட்டால் என்ன ஆகும்? மண்டபமே இருட்டாகிவிடும். சிப்பிலும் தவறான இடத்தைத் தொட்டால், அது அப்படியே உறைந்து நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

‘யாராவது இருக்கீங்களா?’

எங்கிருந்து ஆரம்பிப்பது? தொழிற்சாலையில் புத்தம்புது போனுக்குள் முதன்முதலாக சாஃப்ட்வேர் ஏற்றியாக வேண்டும் அல்லவா? அதற்காக சிப்புக்குள்ளேயே அழிக்க முடியாத ஒரு சின்ன புரோகிராம் இருக்கும். கரன்ட் வந்தவுடன் அது கண் விழித்து, யு.எஸ்.பி வழியாக, ‘யாராவது இருக்கீங்களா?’ என்று ஒரு கணம் எட்டிப் பார்க்கும். சரியான பதில் வந்தால், ‘சரி, புரோகிராமைக் கொடு’ என்று காத்திருக்கும். பதில் வராவிட்டால், வழக்கம்போல் போனை எழுப்பப் போய்விடும்.

அந்த விசாரிப்புக்கு என்ன பதில் என்று தெரிந்துவிட்டால், பூட்டிய வீட்டின் திண்ணையில் உட்கார இடம் கிடைத்த மாதிரி. அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டு, ‘ஃபெர்ன்லி’ என்ற சொந்த புரோகிராமை உள்ளே அனுப்பினார்கள். ஆரம்பத்தில் அதன் முக்கியமான வேலையே இரண்டுதான். ஒரு விலாசத்தைச் சொன்னால், அங்கே என்ன எண் இருக்கிறது என்று படித்துச் சொல்லும். ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த விலாசத்தில் எழுதும். அதாவது, சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது, தட்டிப் பார்ப்பது.

அதன் பிறகு நடப்பது பொறுமை சம்பந்தப்பட்ட வேலை. ஓர் இடத்தைப் படிக்க வேண்டும். மறுபடி படித்தால் எண் மாறுகிறதா? மாறிக்கொண்டே இருந்தால், அது கடிகாரமாக இருக்கலாம். ஒரு பட்டனை அழுத்தும்போது மட்டும் மாறினால், அது கீபேட். எவ்வளவு எழுதினாலும் ஏற்காமல் பழைய எண்ணையே காட்டினால், அது படிக்க மட்டுமேயான இடம். குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று அம்மா ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்ப்பாரே, கிட்டத்தட்ட அதே முறை.

சில விஷயங்களைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு இன்னொரு தந்திரம் செய்தார்கள். போனின் சாஃப்ட்வேர், சிப்புக்கு வெளியே ஒரு சின்ன ஃப்ளாஷ் மெமரியில் இருக்கும். அந்த மெமரியைப் போலவே நடிக்கும் கருவி ஒன்றை, தாங்களே வடிவமைத்த ‘நோவேனா’ லேப்டாப்பை வைத்து உருவாக்கினார்கள். சிப் கேட்பதை எல்லாம் அது கொடுக்கும். கூடவே, எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டது என்று குறித்துக்கொள்ளும். ஒருவர் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார் என்று பார்த்தாலே, அவர் என்ன செய்யப்போகிறார் என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடுமே.

பெரிய சிக்கல் மெமரியில் வந்தது. ரேமை எழுப்ப, குறிப்பிட்ட வரிசையில் ஏகப்பட்ட சுவிட்சுகளைப் போட வேண்டும். ஏன் அந்த வரிசை, ஏன் அந்த எண் என்று கையில் இருந்த காகிதத்தில் இல்லை. கம்பெனியின் சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. ஆனால், அதை அப்படியே எடுத்துப் போட்டால் அது திருட்டு.

பருப்புக்கு எத்தனை விசில்?

இந்த இடத்தில்தான் கதை எலெக்ட்ரானிக்ஸிலிருந்து சட்டத்துக்குள் நுழைகிறது. ஒரு சமையல் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து விற்றால் தப்பு. ஆனால், துவரம்பருப்புக்கு எத்தனை விசில் என்ற தகவலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. எழுதிய விதம்தான் எழுதியவருக்குச் சொந்தம். உண்மைத் தகவல் எல்லோருக்கும் பொது. பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை இது.

அந்த அடிப்படையை இருவரும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியின் சாஃப்ட்வேரிலிருந்து ஒரு வரியையும் காப்பி எடுக்கவில்லை. ‘இந்த விலாசத்தில் இந்த எண்’ என்ற தகவலை மட்டும் எடுத்து, அதை எழுதுவதற்கென்றே ‘ஸ்கிரிப்டிக்’ என்ற சின்ன மொழியைத் தாங்களே உருவாக்கி, அதில் முதலிலிருந்து எழுதினார்கள். விசில் எண்ணிக்கை அதே. புத்தகம் புதிது.

இதற்கு முன்னோடியும் உண்டு. சேகா நிறுவனத்தின் விளையாட்டுப் பெட்டியை ஆராய்ந்து, அதில் ஓடும் கேம்களைச் செய்தது அக்கோலேட் நிறுவனம். தன் பொருள் இன்னொன்றோடு சேர்ந்து இயங்க வேறு வழி இல்லாதபோது இப்படி ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று 1992-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சட்டப்படி தன்னிடம் உள்ள புரோகிராம் எப்படி இயங்குகிறது என்று கவனித்து, ஆராய்ந்து, சோதித்துப் பார்க்க இடம் கொடுக்கிறது.

ஆனாலும், சட்டத்தில் இடம் இருப்பது வேறு, வழக்கு வந்தால் தாங்குவது வேறு. எதிரில் இருப்பது பெரிய கம்பெனி, இந்தப் பக்கம் இரண்டு தனிமனிதர்கள். ஜெயித்தாலும் வக்கீல் ஃபீஸில் சொத்து கரைந்துவிடும். ஹுவாங்குக்கு இது தெரியாமல் இல்லை. எக்ஸ்பாக்ஸ் அனுபவத்தை அவர் புத்தகமாக எழுதியபோது, வழக்குக்குப் பயந்து பதிப்பகம் பின்வாங்கியதைப் பார்த்தவர். ஆனால், வழக்குக்குப் பயந்து எல்லோரும் ஓர் உரிமையைப் பயன்படுத்தாமலே இருந்தால், நாளடைவில் அந்த உரிமையே காணாமல் போய்விடும் என்பது அவர் நிலைப்பாடு. அதனால், எதையும் மறைக்கவில்லை. என்ன செய்தோம், எப்படிச் செய்தோம், சட்டப்படி ஏன் சரி என்று நினைக்கிறோம் என்பதை எல்லாம் பெயர் போட்டு வெளியிட்டார்கள்.

2014 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில் இருவரும் தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். அந்த 3 டாலர் சிப்பில் அவர்களுடைய புரோகிராம் ஓடியது. ‘நட்எக்ஸ்’ என்ற இலவச இயங்குதளமும் ஓடியது. சிப்பை வைத்துத் தாங்களே வடிவமைத்த போர்டின் படத்தையும் எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு குறை. அந்த போர்டால் போன் பேச முடியாது. டவரோடு பேசும் பகுதியை அவர்கள் தொடவில்லை. அது தனிக் கடல். காப்புரிமைகளும் அரசாங்க விதிகளும் நிறைந்த கடல். தெரிந்தே கரையில் நின்றுவிட்டார்கள். எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்வதும் இந்த வேலையில் ஒரு பாதி.

சிவப்பைப் பச்சையாக்கினால்…

இவர்கள் மட்டும்தானா? இல்லை. ராப் கிளார்க் என்ற இன்ஜினீயர் 2012 வாக்கில் தன் ஓய்வு நேரத்தில் இன்னொரு பூட்டைத் திறக்க உட்கார்ந்தார். குவால்காம் சிப்களில் படம் வரைந்து காட்டும் பகுதி, அட்ரினோ. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் அது இருக்கலாம்.

அவர் முறை கேட்பதற்கு எளிமையானது. ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பு நிறம் பூசும் சின்ன புரோகிராம் ஒன்றை ஓடவிட வேண்டும். அப்போது சிப்புக்குப் போகும் எண்கள் அனைத்தையும் நடுவில் பிடித்து எழுதிவைக்க வேண்டும். பிறகு, சிவப்பைப் பச்சையாக்கி மறுபடி ஓடவிட வேண்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த எண் மாறியிருக்கிறதோ, அதுதான் நிறம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரு விடை. இப்படியே முக்கோணம், வட்டம், நிழல் என்று பல மாதங்கள்.

அவருக்குப் பெயரிலேயே ஒரு துப்பு இருந்தது. அட்ரினோவின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால், கம்ப்யூட்டரில் வரும் ‘ரேடியான்’ கிராஃபிக்ஸின் பெயர் வரும். 2009-ல் ஏ.எம்.டி-யிடமிருந்து குவால்காம் வாங்கிய பிரிவு அது. தாத்தாவின் மூக்கு பேரனுக்கு இருப்பதுபோல, ரேடியான் குடும்பத்தைப் பற்றி வெளியான விவரங்கள் அட்ரினோவைப் படிக்கவும் உதவின. 2013-ல் அவர் எழுதிய ‘ஃப்ரீட்ரினோ’ லினக்ஸ் உலகின் பொதுத் தொகுப்பில் சேர்ந்தது. சில வருடங்களில் குவால்காம் இன்ஜினீயர்களே அந்த வேலைக்குக் கைகொடுக்க ஆரம்பித்தார்கள். வாசலில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவரை, கடைசியில் வீட்டுக்காரர்களே வந்து பார்த்த கதை.

டிராயரில் தூங்கும் போன்கள்

‘இதெல்லாம் இன்ஜினீயர்கள் சமாசாரம், நமக்கு என்ன?’ என்று தோன்றலாம். உங்கள் வீட்டு டிராயரைத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று பழைய போன்கள் தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்க்ரீன் நன்றாக இருக்கும். கேமராவும் வேலை செய்யும். ஆனால், அப்டேட் நின்றுபோயிருக்கும். பேங்க் ஆப் ஓடாது. சிப் தயாரித்த கம்பெனி தன் பங்கு சாஃப்ட்வேரைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், போன் கம்பெனியே நினைத்தாலும் அதற்கு மேல் செய்வது கஷ்டம். புத்தகம் அவர்களிடமும் முழுதாக இருக்காது.

2017-ல் தொடங்கிய ‘போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ்’ என்ற தன்னார்வத் திட்டம், ஒரு போன் பத்து வருடங்கள் உழைக்க வேண்டும் என்பதையே குறிக்கோளாக வைத்திருக்கிறது. கம்பெனி கைவிட்ட போன்களில் லினக்ஸை ஓடவைக்கும் முயற்சி அது. பழைய குவால்காம் போன்களில் அந்த லினக்ஸ் ஸ்க்ரீனில் படம் காட்டுகிறது என்றால், அதற்குப் பின்னால் ராப் கிளார்க் போன்றவர்கள் சிவப்பையும் பச்சையையும் ஒப்பிட்டுப் பார்த்த ராத்திரிகள் இருக்கின்றன.

ஹுவாங்கும் கிராஸும் அதோடு நிற்கவில்லை. பயன்படுத்துபவர் தன் பொருளை ஆராய்வதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவை எதிர்த்து, 2016-ல் அமெரிக்க அரசின் மீதே ஹுவாங் வழக்குத் தொடுத்தார். 2020-ல் இருவரும் ‘ப்ரீகர்சர்’ என்ற கையடக்கக் கருவியை அறிமுகப்படுத்தினார்கள். பார்க்கப் பழைய கீபேட் போன் மாதிரி இருக்கும். அதில் ஒரு வித்தியாசம். அதன் பிராசஸர் எப்படி இயங்க வேண்டும் என்ற வடிவமைப்பையே வாங்குபவர் வரி வரியாகப் படிக்கலாம். வேண்டுமென்றால் மாற்றலாம்.

அடுத்தவர் எழுதிவைத்த புத்தகம் கிடைக்காமல் இத்தனை வருடம் அலைந்தவர்கள், தாங்கள் செய்த பொருளுக்குப் புத்தகத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். படிப்பதும் படிக்காததும் வாங்கியவர் விருப்பம், மிக்ஸிப் புத்தகம் மாதிரியே.